வயர்லெஸ் மைக் வாங்கப் போகிறீர்களா? கம்பெனி பெயரை விட்டுவிட்டு ஃப்ரீக்வென்சியைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் கோயிலுக்கோ மண்டபத்துக்கோ வயர்லெஸ் மைக் வாங்க இருப்பவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இங்குள்ள விழாக்குழு ஒன்றுக்கு நாலு மைக் செட் ஒன்றை விற்றிருக்கிறார்கள். பெட்டியில் பெயர்பெற்ற கம்பெனியின் முத்திரை, யுஎச்எஃப் (உயர் அலைவரிசை வகை), ட்ரூ டைவர்சிட்டி (ஒரு மைக்குக்கு இரண்டு ஆன்டெனா), 100 மீட்டர் ரேஞ்ச் என்று எல்லாம் அச்சாகியிருந்தது. விலை மட்டும் அசலில் பாதிக்கும் கீழே. கடையில் ஒரே ஒரு மைக்கை ஆன் செய்து, பத்தடி தள்ளி நின்று பேசிக் காட்டினார்கள். சுத்தமாகக் கேட்டது. அதை நம்பி வாங்கி, பெரிய வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) நடந்த பட்டிமன்றத்துக்கு வைத்தார்கள். நடுவர் மைக்கோடு இரண்டாவது மைக் ஆன் ஆனதும் இரைச்சல் வந்தது. மூன்றாவதும் ஆன் ஆனபின் பேச்சு துண்டு துண்டாக அறுந்தது. கூட்டம் நிரம்பியபின் நாலில் இரண்டு மைக் பயன்படவே இல்லை.

காரணம் ரிசீவரின் (மைக்கின் அலையை வாங்கும் பெட்டியின்) அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலேயே இருந்தது. நாலு சேனலும், அதாவது நாலு மைக்கின் வழியும், மாற்ற முடியாத ஃப்ரீக்வென்சி (அலைவரிசை எண்): 740, 750, 760, 770 மெகாஹெர்ட்ஸ். இதில் இரண்டு கோளாறு.

முதலாவது, இது செல்போனுக்குப் போன இடம். இந்தியாவில் 700 மெகாஹெர்ட்ஸ் பட்டை (அலைவரிசைத் தொகுதி) 2022 ஏலத்தில் 5ஜி சேவைக்கு விற்கப்பட்டது. 703 முதல் 748 வரை கைபேசிகள் அனுப்பும் பக்கம், 758 முதல் 803 வரை டவர் அனுப்பும் பக்கம். மைக்கின் சக்தி 10 முதல் 50 மில்லிவாட்தான். டவரோடு அது போட்டி போட முடியாது. அமெரிக்காவில் 2010 ஜூன் மாதத்திலேயே இந்தப் பட்டையில் வயர்லெஸ் மைக்கைத் தடை செய்துவிட்டார்கள். 2020 ஜூலையில் 600 பட்டையின் பெரும்பகுதிக்கும் அதே கதி. அதனால் 'ஃபாரின் செகண்ட் ஹேண்ட்' என்று யாராவது நீட்டினால், நல்ல கம்பெனிப் பொருளாகவே இருந்தாலும் ஃப்ரீக்வென்சியைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

இரண்டாவது கோளாறு இதைவிட மோசம், ஏனென்றால் வெளி அலை எதுவும் இல்லாத ஊரிலும் இது வரும். இரண்டு மைக் பக்கத்தில் பக்கத்தில் ஆன் ஆகும்போது அவை கலந்து புதிய அலைகளை உண்டாக்கும். ஒன்றை இரட்டித்து மற்றதைக் கழித்தால் அந்த அலை எங்கே விழுகிறது என்று தெரியும். 750ஐ இரட்டித்து 740ஐக் கழியுங்கள்: 760. மூன்றாவது மைக்கின் தலையிலேயே விழுகிறது. 760ஐ இரட்டித்து 750ஐக் கழித்தால் 770. சம இடைவெளியில் ஃப்ரீக்வென்சி வைத்த எந்த செட்டுக்கும் இதே கதிதான். இரண்டிரண்டு மைக் சேர்ந்து உண்டாக்கும் இந்த வகை அலைகள் நாலு மைக்குக்கு 12, எட்டு மைக்குக்கு 56. மும்மூன்றாகச் சேர்வது தனிக் கணக்கு. ஒழுங்கான கம்பெனி இந்த மோதலைக் கணக்கிட்டு, இடைவெளி சமமில்லாத தொகுப்புகளாக 'குரூப், சேனல்' என்று தருகிறது. எல்லா மைக்கையும் ஒரே குரூப்பில் வைப்பது இதற்காகத்தான்.

டைவர்சிட்டி என்ற பெயரிலும் ஏமாற்று இருந்தது. ரிசீவரில் நாலு ஆன்டெனா நின்றது, சேனலுக்கு ஒன்று. ஒரே மைக்கை இரண்டு ஆன்டெனா வாங்கி, நல்ல பக்கத்தை ரிசீவர் எடுத்துக்கொள்வதுதான் டைவர்சிட்டி. ட்ரூ டைவர்சிட்டி என்றால் ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் உள்ளே தனி ரிசீவர் வேண்டும். செட்டிநாட்டு வீடுகளில் இது ஆடம்பரம் அல்ல. கெட்டிச் சுவர், இரும்பு உத்தரம், வளவுக்கு மேலே கம்பி வலை என்று அலை பல பக்கம் பட்டுத் திரும்பி, சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 600 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 50 சென்டிமீட்டர்தான். அதனால் பேசுபவர் அரை அடி நகர்ந்தாலே சத்தம் போய் வரும்.

புகார் சொன்னதும் விற்றவர் 'உங்க வீட்டில் இரும்பு அதிகம்' என்று சொல்லி ஒரு ஆன்டெனா பூஸ்டரையும் விற்றார். பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஃப்ரீக்வென்சி மோதலுக்கு அது மருந்தே அல்ல. நீளமான ஆன்டெனா கேபிளில் குறையும் சிக்னலை ஈடுகட்டத்தான் அது வேண்டும்: மெல்லிய ஆர்ஜி 58 கேபிளை 30 மீட்டர் இழுத்தால் 600 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 10 டெசிபெல் போய்விடும், அதாவது பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ரிசீவரை வீட்டு முகப்பில் வைத்துவிட்டு மைக்கை உள்ளே இரண்டாங்கட்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். ரிசீவர் மேடை தெரியும் இடத்தில், ஆள் தலைக்கு மேலே, எல்இடி திரையை விட்டுத் தள்ளி இருக்கட்டும்.

கடையிலேயே செய்து பார்க்க வேண்டியவை. எல்லா மைக்கையும் அணைத்துவிட்டு ரிசீவரை மட்டும் ஆன் செய்யுங்கள். சிக்னல் விளக்கு எரிந்தால் அந்த ஃப்ரீக்வென்சியில் வேறு யாரோ இருக்கிறார்கள். பிறகு நாலையும் ஒரே சமயம் ஆன் செய்து, மூன்றை மேசையில் ஓரடி இடைவெளியில் வைத்து, நாலாவதோடு தெருவரைக்கும் நடங்கள். ஒவ்வொரு ஆன்டெனாவாகக் கழற்றுங்கள். ஒன்றைக் கழற்றியதும் மைக் செத்தால் டைவர்சிட்டி பொய். அடுத்தது சாவிக்கொத்து: மைக்குக்கு ஓரடி தள்ளி மெல்லக் குலுக்குங்கள். அனலாக் (டிஜிட்டல் அல்லாத) மைக் சத்தத்தை அமுக்கி அனுப்பி ரிசீவரில் விரிக்கும். அந்த சர்க்யூட் மட்டமாக இருந்தால் சாவியின் கிணுகிணுப்பு மங்கி, கூடவே 'புஸ் புஸ்' என்று இரைச்சல் ஏறி இறங்கும். ரிசீவரின் பின்பக்கத்தையும் பாருங்கள், நாலு மைக்குக்கும் சேர்த்து ஒரே மிக்ஸ் ஜாக் (சத்தம் வெளியே போகும் துளை) இருந்தால், ஒரு மைக் கூவும்போது அதை மட்டும் மிக்ஸரில் அடக்க வழியில்லை.

மைக்கின் அடிப்பாகத்தைப் பொத்திப் பிடிக்க வேண்டாம் என்று பேச்சாளர்களிடம் சொல்லி வையுங்கள். பெரும்பாலான ஹேண்ட் மைக்கில் ஆன்டெனா அங்கேதான் இருக்கிறது.

இந்தக் குழுவால் பொருளைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பில்லில் 'மைக் செட் 1' என்று மட்டும் இருந்தது. ஜிஎஸ்டி பில்லில் கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், ஃப்ரீக்வென்சி எல்லை நான்கையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதியலாம். அதில் தீராவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஸ்டிக்கரையும் பெட்டியையும் போட்டோ எடுத்துப் பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள்.