லாந்தனம் களிமண்: பழைய பூங்கா ஏரிக்கு வாங்கலாமா?

பச்சைப் பெயின்ட் கரைத்ததுபோல் கிடக்கும் பூங்கா ஏரிக்கு எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம் தூர்வாருவது. நூறாண்டு தாண்டிய ஏரிகளில் அது அவ்வளவு சுலபமில்லை. பலவற்றில் மிதித்துப் பிசைந்த களிமண் தளம்தான் தண்ணீரைத் தாங்குகிறது. பொக்லைன் வாளி ஓரிடத்தில் ஆழமாகக் கீறினாலும் கசிவு தொடங்கிவிடும். 'பாஸ்லாக்' என்ற பெயரில் விற்கும், லாந்தனம் என்ற உலோகத்தை ஏற்றிய பென்டோனைட் களிமண் கைகொடுப்பது இங்கேதான். ஒரு படகு, பம்ப், குழாய் போதும்.

எடையில் 5 சதவீதம் லாந்தனம். அது, பச்சைப் பாசிக்குத் தீனியாகும் பாஸ்பேட்டோடு (பாஸ்பரஸ் சத்தின் கரைந்த வடிவம்) சேர்ந்து கரையாத உப்பாகிறது. அடிச்சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்ததும், பாஸ்பேட்டைப் பிடித்துவைத்திருக்கும் இரும்பு தன் பிடியை விட்டுவிடும் (கோடையில் ஏரி திரும்பப் பச்சையாவது பெரும்பாலும் இதனால்தான்). லாந்தனம் விடாது.

1 கிலோ பாஸ்பரஸுக்கு 100 கிலோ களிமண் என்பது கணக்கு. சறுக்குவதும் இதில்தான். 1 ஹெக்டேர் பரப்பு, சராசரி 1.5 மீட்டர் ஆழம் என்றால் 15,000 கனமீட்டர் நீர். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் பாஸ்பரஸ் இருந்தால் மொத்தம் 3 கிலோ. 300 கிலோ களிமண்ணோடு வேலை முடிந்தது என்று தோன்றும். சேற்றின் மேலடுக்கில் சதுர மீட்டருக்கு 2 கிராம் வெளியேறக்கூடிய பாஸ்பரஸ் இருந்தாலே அது தனியாக 20 கிலோ. ஆக, தேவை 2,300 கிலோ. சேற்றைச் சோதிக்காமல் விலை சொல்பவரிடம் வாங்காதீர்கள்.

ஏரி நீரிலேயே கூழாகக் கரைத்து, பட்டை பட்டையாகப் பீய்ச்ச வேண்டும். இரண்டு மூன்று தவணையாகப் போடுவது நல்லது. தண்ணீர் சில நாள் பால்போல் கலங்கும், பயப்பட வேண்டாம். பாசி கொழித்து பிஎச் 9-ஐத் தாண்டிய நேரத்தில் போட்டால் பிடிப்பு குறையும். தேநீர் நிறத் தண்ணீரிலும் அப்படித்தான். காரத்தன்மை மிகக் குறைந்த மென்னீரில் லாந்தனம் தனியே கரைந்து நீர்த்தெள்ளுகளை (பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களை) பாதிக்கும், அங்கே தவிர்த்துவிடுங்கள்.

சேற்றைக் கிண்டும் கெண்டைகளை முன்பே குறைத்து, கழிவுநீர் வரும் வழியையும் அடைக்காவிட்டால் போட்டதெல்லாம் வீண். பறவைகளுக்கு ரொட்டி வீசுவதையும் நிறுத்த வேண்டும், அதுவும் பாஸ்பரஸ்தான்.

ஆழம் முழங்காலளவுக்கு வந்துவிட்ட ஏரிக்கு இது வேண்டாம். பாஸ்பரஸைப் பூட்டுமே தவிர சேற்றை அள்ளாது. அங்கே தூர்வாரியே ஆக வேண்டும், களிமண் தளத்தின் மேல் ஒரு சாண் சேற்றை விட்டுவைத்து.