டெஸ்ட் லேம்ப்பா, மல்டிமீட்டரா? ஒயரிங் வேலைக்குப் பின் கிளம்ப மறுக்கும் பழைய பிக்கப்பும் இரண்டு சோதனை முறைகளும்

ஒயரிங் வேலை முடிந்து வந்த பழைய பிக்கப் டிரக், சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஒற்றைச் சத்தத்தோடு நின்றுவிட்டால், பலரும் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள். அதிலும் பயனில்லை என்றால் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். அந்த வழியைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. வேலைக்கு முன்பு கிளம்பிய வண்டி வேலைக்குப் பின்பு கிளம்பவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். அந்த இடத்தைக் கண்டுபிடிக்க, இரண்டு ஒயர் கோத்த பல்பான டெஸ்ட் லேம்ப்பை நம்புவதா, வோல்ட்டையும் ஓமையும் எண்ணாகக் காட்டும் டிஜிட்டல் மல்டிமீட்டரை நம்புவதா என்பதே உண்மையான கேள்வி. என்னிடம் உள்ள 1971 செவ்ரோலே சி10 இதே நிலையில் நின்றபோது நான் இரண்டையும் பயன்படுத்தினேன். இப்போது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் மல்டிமீட்டரைத்தான் எடுப்பேன்.

விலையை வைத்து இதில் முடிவெடுக்க முடியாது, இரண்டுமே எளிதில் வாங்கக்கூடியவை. டெஸ்ட் லேம்ப்புக்குத் தனித் திறமை தேவையில்லை, எரிகிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். கம்ப்யூட்டர் இல்லாத இந்தக் கால வண்டிகளில் அதை எந்த ஒயரிலும் அச்சமின்றி வைக்கலாம் என்பதும் ஒரு வசதி.

இந்த சி10-இல் மின்சாரம் இரண்டு பாதைகளில் போகிறது. இக்னிஷன் சுவிட்சிலிருந்து புறப்படும் ஊதா நிற மெல்லிய ஒயர், ஆட்டோமேட்டிக் கியர் உள்ள வண்டியானால், கியரில் இருக்கும்போது கிளம்பவிடாமல் தடுக்கும் நியூட்ரல் சுவிட்சையும் கடந்து, செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் காந்த சுவிட்சான சொலினாய்டின் 'எஸ்' முனைக்கு வருகிறது. பேட்டரியிலிருந்து நேராக செல்ஃப் மோட்டாருக்கு வரும் தடித்த கேபிளும், இன்ஜின் பிளாக்கிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பும் எர்த் கேபிளும் சேர்ந்தது மற்றொரு பாதை. முதல் பாதையில் டெஸ்ட் லேம்ப் மல்டிமீட்டரை வென்றுவிடுகிறது என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்கிறேன். உள்ளே அறுந்து பெயருக்கு மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒயரிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும், ஏனெனில் அது ஏறக்குறைய மின்னோட்டமே இழுப்பதில்லை. ஊதா ஒயரை முனையிலிருந்து கழற்றி, அதற்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே 21 வாட் பல்பைப் போட்டுச் சாவியைத் திருப்பினால், அந்தப் பொய் அப்போதே வெளிப்பட்டுவிடும். எல்.இ.டி. வைத்த சோதனைப் பேனா இந்த வேலைக்கு உதவாது, இழை பல்புதான் வேண்டும்.

தடித்த பாதைக்கு வந்தால் நிலைமை தலைகீழாக மாறுகிறது. என் தேர்வை முடிவு செய்ததும் இதுதான். 21 வாட் பல்பு இழுப்பது 2 ஆம்பியருக்கும் குறைவு. வி8 இன்ஜினைச் சுற்றும் செல்ஃப் மோட்டாரோ 150 ஆம்பியரோ அதற்கு மேலோ கேட்கும். எர்த் இணைப்பில் 0.02 ஓம் தடை புகுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல்பின் மின்னோட்டத்துக்கு அங்கே இழப்பு 0.04 வோல்ட்டைக்கூட எட்டாததால் பல்பு பளிச்சென்று எரிந்து, எல்லாம் சரி என்று சொல்லிவிடும். அதே இணைப்பு 150 ஆம்பியரில் 3 வோல்ட்டை விழுங்கும், மோட்டார் முக்கி நின்றுவிடும். ஓம் அளவில் வைத்த மல்டிமீட்டரும் இவ்வளவு சிறிய தடையை நம்பும்படி காட்டாது. ஆகவே தடித்த பாதையை மோட்டார் இழுத்துக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளிலேயே அளக்க வேண்டும், அதற்கு மல்டிமீட்டரின் வோல்ட் அளவைத் தவிர வேறு வழியில்லை.

செய்முறை எளிது. கியரை பார்க்கில் வைத்து, சக்கரத்துக்கு அடை கொடுத்து, இன்ஜின் பற்றிவிடாதபடி, தீப்பொறிக்கு உயர் வோல்ட் தரும் காயிலின் தடித்த ஒயரை, அதை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியிலிருந்து கழற்றி எர்த்தில் பிடித்துவைக்க வேண்டும். பிறகு ஒருவர் சாவியைத் திருப்பும்போது முதலில் பேட்டரி முனைகளுக்கு இடையே அளக்க வேண்டும். அது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் பேட்டரியையோ மோட்டாரையோ சந்தேகிக்கலாம். சரியாமல் 11-க்கு மேல் நின்றும் மோட்டார் திணறினால், பாதையில் எங்கோ தடை இருக்கிறது. அடுத்து நெகட்டிவ் ஈயமுனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் ஊசியைக் கேபிளின் கிளாம்ப்பில் வைக்காமல் ஈயமுனையின் மேலேயே வைத்தால்தான் கிளாம்ப் இணைப்பின் இழப்பும் கணக்கில் வரும். 0.2 வோல்ட் வரை பொறுக்கலாம். பாசிட்டிவ் பக்கம், பேட்டரி முனை முதல் மோட்டாரின் முனை வரை, 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

என் வண்டியில் பேட்டரி 11.4-இல் நின்றது, எர்த் பக்கம் 3 வோல்ட்டைத் தாண்டியது. போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது, கேபிளின் லக் (போல்ட் நுழையும் முனை வளையம்) புதிதாக அடித்த பெயிண்டின் மேலேயே முறுக்கப்பட்டிருந்தது. போல்ட்டின் மரை மட்டும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தது, லக்கின் அடியில் பெயிண்ட் முழு வளையமாகப் பளபளத்தது. வெளியிலிருந்து பார்த்தவர் யாரும் அந்த இணைப்பைக் குறை சொல்லியிருக்க முடியாது. அதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு இறுக்கியதும் இழப்பு 0.1-க்கு வந்தது, மோட்டார் முழு வேகத்தில் சுற்றியது. இந்த வண்டிகளில் இன்ஜினும் கேபினும் ரப்பர் மவுண்ட்டுகளின் மேல் உட்காருவதால், இன்ஜினையும், கேபினின் முன் தகடான ஃபயர்வாலையும் இணைக்கும் பின்னல் பட்டையையும் இதே முறையில் அளந்துவிடுவது நல்லது. ஒயரிங் வேலையில் அதை மீண்டும் மாட்ட மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

மோட்டார் சுற்றியும் இன்ஜின் பற்றத் தயங்கினால், சொலினாய்டின் 'ஆர்' முனையைப் பார்க்க வேண்டும். பாயிண்ட் இக்னிஷன் (தொடுமுனைகள் திறந்து மூடிப் பொறி உண்டாக்கும் பழைய முறை) உள்ள வண்டியில், செல்ஃப் மோட்டார் சுற்றும் நேரத்தில் மட்டும், காயிலுக்குப் போகும் வோல்ட்டைக் குறைக்கும் தடை ஒயரைத் தவிர்த்து, காயிலுக்குப் பேட்டரியின் முழு வோல்ட்டைக் கொடுப்பது அந்த முனைதான். அங்கிருந்து போகும் ஒயர் விட்டுப்போனால் பொறி பலவீனமாகும். காயிலில் பல்பு எப்படியும் எரியும், ஆனால் 6 வோல்ட்டா 10 வோல்ட்டா என்பதை மல்டிமீட்டர்தான் சொல்லும்.

இவை அனைத்தும் 12 வோல்ட் பெட்ரோல் பிக்கப்பை வைத்துச் சொன்னவை. 24 வோல்ட் டீசல் லாரியில் நான் இப்படி அளந்து பார்த்ததில்லை என்பதால், மேலே உள்ள எண்களை அங்கே அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம்.