ரத்தம் பிடித்த குழாயில் எது தாக்குப்பிடிக்கும்: எம்.ஆர்.என்.ஏ.வா, மைக்ரோ ஆர்.என்.ஏ.வா, புரதமா?

நோயின் அடையாளமாக ரத்தத்திலும் திசுவிலும் இந்த மூன்றையும் அளக்கிறார்கள். ரத்தத்தில் ஆர்.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் ஏராளம். புரதம் செய்ய மரபணுவின் செய்தியைச் சுமக்கும் நீண்ட இழையான எம்.ஆர்.என்.ஏ. அவற்றிடம் சிக்கினால் சீக்கிரமே துண்டு துண்டாகிவிடும். அதனால் ரத்த செல்களின் எம்.ஆர்.என்.ஏ.வை அளக்க, பாதுகாப்புத் திரவம் உள்ளேயே இருக்கும் தனிக் குழாயில் ரத்தத்தைப் பிடிக்கிறார்கள். ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகில் பதித்த பழைய திசுக்களிலும் எம்.ஆர்.என்.ஏ. துண்டு துண்டாகத்தான் கிடைக்கும்.

மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் நீளம் சுமார் 22 நியூக்ளியோடைடுகள் (ஆர்.என்.ஏ. இழையின் கண்ணிகள்)தான். இவ்வளவு குட்டியாக இருப்பதால், மெழுகுத் திசுவில் மற்றவை நொறுங்கினாலும் இது பெரும்பாலும் முழுசாகக் கிடைக்கிறது. செல்களை நீக்கிய ரத்தத் திரவமான பிளாஸ்மாவை அறை வெப்பநிலையில் 24 மணி நேரம் வைத்தும், பலமுறை உறையவைத்து உருக்கியும் அதன் அளவு பெரிதாகக் குறையவில்லை என்று 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் செயற்கை மைக்ரோ ஆர்.என்.ஏ.வைத் தனியாகப் பிளாஸ்மாவில் கலந்தபோது அது வேகமாகச் சிதைந்தது. அப்படியென்றால் தாங்கும் சக்தி அதன் துணையிடமிருந்து வருகிறது: ஆர்கோனாட்-2 புரதம், செல்கள் வெளியிடும் குட்டிப் பைகளான எக்சோசோம்கள், எச்.டி.எல். கொழுப்புப்புரதம்.

சரி, புரதத்தோடு ஒப்பிட்டால்? கல்லீரல் பாதிப்புக்குக் காலங்காலமாகப் பார்ப்பது ஏ.எல்.டி. என்ற நொதிப் புரதம். தசை சேதமடைந்தாலும் அது உயரும். மிர்-122 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ. பெரும்பாலும் கல்லீரல் செல்லில் இருப்பது. பாராசிட்டமால் நச்சில் ஏ.எல்.டி.க்கு முன்பே உயர்வதும் தெரிந்திருக்கிறது. சேமிப்பிலும் ஏ.எல்.டி.க்கு ஒரு பலவீனம் உண்டு: மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் அதன் செயல்திறன் குறையும். ஆனாலும் இன்றைக்குச் சிகிச்சையை முடிவுசெய்ய நான் ஏ.எல்.டி.யைத்தான் நம்புவேன். அதை அளக்கப் பொதுவான தரமுறை இருக்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. அளவை எதோடு ஒப்பிட்டுச் சீராக்குவது என்பதில் ஆய்வகங்களுக்குள் ஒருமித்த வழக்கமே இல்லை.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது வேறொன்று. கெடாமல் இருக்கும் குணம், வரக்கூடாத இடத்திலிருந்து வந்ததையும் கெடாமல் வைத்திருக்கும். ஊசி குத்தும்போது சிவப்பணுக்கள் கொஞ்சம் உடைந்தாலே மிர்-451ஏ, மிர்-16 இரண்டும் பிளாஸ்மாவில் கொட்டிவிடும். அந்த மிர்-16ஐயே பலர் ஒப்பீட்டு அளவாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அப்புறம் நோயாளிக்கும் நலமானவருக்கும் தெரியும் வித்தியாசம், ரத்தம் எடுத்த விதத்தின் வித்தியாசமாகக்கூட இருக்கலாம். கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியாத மாதிரியிலும் இது நடக்கும். ஆகவே சிவப்பணுவிலிருந்து கசிந்த ஹீமோகுளோபினைக் காட்டிக்கொடுக்கும் 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைப் பார்ப்பதும், சிவப்பணு உடைந்தாலும் அதிகம் மாறாத மிர்-23ஏயோடு மிர்-451ஏயை ஒப்பிடுவதும் கட்டாயமாக வேண்டும்.

மெழுகில் பதித்த பழைய திசு கையில் இருந்தால் மைக்ரோ ஆர்.என்.ஏ.வே என் தேர்வு. ரத்தம் என்றால், அது கட்டியாகாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ள குழாய்; அதே வேலையைச் செய்யும் ஹெபாரின், ஆர்.என்.ஏ.வை அளக்கும் பி.சி.ஆர். சோதனையைத் தடுக்கும். உறையவைக்கும் முன் பிளாஸ்மாவை இரண்டாம் முறையும் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றுங்கள். மிச்சமிருக்கும் தட்டணுக்கள் உருக்கும்போது உடைந்தால், அவற்றின் மைக்ரோ ஆர்.என்.ஏ.வும் கணக்கில் சேர்ந்துவிடும்.