வெல்டிங் இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் கூப்பிடும் கிருஷ்ணகிரிக்காரர்கள் கவனத்துக்கு

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் மாங்கூழ் யூனிட். சீசனுக்கு முன்னால் தண்ணீர் டேங்க் ஸ்டாண்டைச் சரிபார்க்க ஓசூரிலிருந்து ஒருவரை வரவழைத்தோம். 5,000 லிட்டர் டேங்க் இரண்டு, இருபதடி உயரத்தில் நிற்கின்றன. நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 10 டன். கீழேதான் பெண்கள் பழம் கழுவுவார்கள்.

வெல்டிங் சோதனையில் லெவல் 2 சர்டிபிகேட் உள்ளவர், கட்டணம் 15,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. வந்து சேர்ந்தது சாயங்காலம் ஆறரைக்கு. ஏணி தயாராக இருந்தது, ஏறவில்லை. அண்ணாந்து பார்த்தார், போனில் நாலு போட்டோ எடுத்தார், டீ குடித்தார், "எல்லாம் பக்காவா இருக்கு சார்" என்றார். சீல் வைத்த ரிப்போர்ட் வந்தது. குறை எதுவும் இல்லையாம். அதிலிருந்த ஒரு படத்தில் குழாய்க் கால் வைத்த ஸ்டாண்ட். எங்களுடையது ஐ பீம். யாருடைய ஸ்டாண்டோ, பாவம்.

அப்புறம் எங்கள் வெல்டர் அண்ணன் வேறு வேலையாக மேலே ஏறியவர், "சார், இத ஒருவாட்டி வந்து பாருங்க" என்று கூப்பிட்டார். கால்களைக் குறுக்காகப் பிணைக்கும் பிரேஸிங் வந்து பிளேட்டில் சேரும் இடத்தில், வெல்டிங் ஓரத்தை ஒட்டியே பெயின்ட் மயிரிழையாக வெடித்து, அது வழியே துரு வடிந்து காய்ந்திருந்தது. சுரண்டிப் பார்த்தால், அந்தக் காலத்தில் வெல்டிங் கசடைத் தட்டாமலே மேலே ரெட் ஆக்சைடு அடித்திருக்கிறார்கள். சிப்பிங் சுத்தியால் தட்டியதும் கசடு சில்லாகப் பெயர்ந்தது. அடியில் அண்டர்கட், அதாவது வெல்டிங் ஓரத்தில் இரும்பு உருகி விழுந்த பள்ளம், நகம் மாட்டும் ஆழத்துக்கு. விரிசலுக்குள் இறங்கும் சிவப்பு டை தடவி, துடைத்து, அதை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர் அடித்தோம். ஒரு விரல் நீளத்துக்குச் சிவப்புக் கோடு எழும்பி வந்தது. விரிசல்தான். வெல்டிங்கில் சின்னச் சின்னத் துளைகளுக்குக்கூட ஓர் அளவு வரை விட்டுக்கொடுப்பார்கள், விரிசலுக்குக் கிடையாது. அன்றே டேங்குகளைக் காலி செய்துவிட்டோம்.

கண்ணால் பார்ப்பதற்கும் கணக்கு உண்டு. வெல்டிங்கைக் கண்ணால் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 17637 தரவிதிப்படி கண் 60 செ.மீ.க்குள் இருக்க வேண்டும், கோணம் 30 டிகிரிக்குக் குறையக் கூடாது, வெளிச்சம் குறைந்தது 350 லக்ஸ். இருபதடி கீழே நின்று, இருட்டும் நேரத்தில், டார்ச்கூட இல்லாமல் எதைப் பார்த்திருப்பார்? ஒழுங்கான ஆள் என்றால் பையில் டார்ச், சின்னக் கண்ணாடி, வெல்டிங் கேஜ், ஒயர் பிரஷ் இருக்கும். எந்த ஜாயின்ட் எந்தப் படம் என்று நம்பர் போட்டுத் தருவார். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

சர்டிபிகேட்டையும் திருப்பிப் பாருங்கள். எஸ்என்டி-டிசி-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டி முறையில் வாங்கியது என்றால், அது அவர் வேலை பார்த்த கம்பெனி கொடுத்தது. அங்கிருந்து விலகினால் அதுவும் போச்சு. வருஷா வருஷம் கிட்டப் பார்வைப் பரிசோதனை வேறு செய்திருக்க வேண்டும், அந்தத் தாளையும் கேட்கலாம்.

போன் செய்து கேட்டேன். "பெயின்ட்டுக்கு அடியில இருக்கிறது எப்படி சார் தெரியும்?" என்றார். நியாயம்தான், ஆனால் துரு வடிந்திருந்தது பெயின்ட்டுக்கு மேலே. பணத்தைத் திருப்பித் தரும் பேச்சே இல்லை. வேண்டுமானால் ரிப்போர்ட்டை மாற்றி அனுப்புகிறாராம். அதற்கும் நேரில் வரத் தேவையில்லையாம்.