பள்ளிக்கும் நூலகத்துக்கும் எந்த இணைய ஃபில்டர்?

சென்னையில் பள்ளி கம்ப்யூட்டர் லேபுக்கோ கிளை நூலகத்துக்கோ ஃபில்டர் போட வேண்டும் என்றால் எல்லோரும் முதலில் கை காட்டுவது டிஎன்எஸ் வழியைத்தான், அதாவது தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவையிலேயே தடுப்பது. செலவில்லை. ரவுட்டரில் டிஎன்எஸ் முகவரியை 1.1.1.3 என்று மாற்றினால் போதும், ஆபாசத் தளங்களையும் மால்வேரையும் (தீங்கான மென்பொருள்) அந்தச் சேவையை நடத்தும் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் தடுத்துவிடும். ஆனால் அதற்குத் தளத்தின் பெயர் (டொமைன்) மட்டும்தான் தெரியும். ஒரு பக்கத்தை மட்டும் மறைக்க வழியில்லை, தடுத்தால் மொத்தத் தளமும் போச்சு. அதைவிடப் பெரிய குறை, தடுத்ததை அது சொல்வதே இல்லை. 0.0.0.0 என்று எங்கும் போகாத முகவரியைப் பதிலாகத் தந்துவிட்டு நின்றுகொள்ளும், நெட் கட் ஆகிவிட்டது என்று நினைத்து பிள்ளை எழுந்து போய்விடும்.

இதற்கு மாற்று, ஸ்குவிட் மென்பொருள் மாதிரி ஒரு பிராக்ஸியை, அதாவது இணையத்துக்குப் போவதும் வருவதும் தன் வழியாகவே போகும்படி நடுவில் நிற்கும் பெட்டியை வைத்து, எச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பைப் பிரித்துப் பார்ப்பது. 'இந்தக் காரணத்துக்காகத் தடுத்திருக்கிறோம்' என்று திரையிலேயே காட்டலாம், ஒரு பக்கத்தை மட்டும்கூடத் தடுக்கலாம். ஆனால் ஒவ்வொரு கணினியும் அந்தப் பெட்டியை நம்புவதற்கு அதில் ரூட் சான்றிதழை ஏற்ற வேண்டும், அப்புறம் அங்கே உட்கார்ந்து மெயில் திறப்பவரின் பாஸ்வேர்டு வரை நடுவில் இருக்கும் பெட்டிக்குத் தெரிந்துவிடும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் மாதிரி ஓர் இடத்துக்குப் போட்டித் தேர்வுக்குப் படிக்க வருபவரின் லாகினை எட்டிப் பார்க்க எந்த நூலகத்துக்கும் வேலையில்லை, நூலகத்தில் இது கூடவே கூடாது என்பேன். இதோடு சேர்த்து விற்கும் ஆங்கிலச் சொற்பட்டியல் இன்னும் மோசம்: 'பிரெஸ்ட் கேன்சர்' என்று தேடும் மாணவியை மறிக்கும், தங்கிலீஷ் வசவை உள்ளே விட்டுவிடும்.

மூன்றாவது வழி, அனுமதித்த தளங்கள் மட்டும் திறக்கும் என்பது, ஐந்தாம் வகுப்பு வரை சரி, அதற்கு மேல் டீச்சருக்குப் பட்டியல் போடுவதே வேலையாகிவிடும்.

பள்ளிக்கு நான் டிஎன்எஸ்ஸையே எடுப்பேன், ஆபாச முடிவுகளை மறைக்கும் கூகுள் சேஃப்சர்ச்சையும் யூடியூப் கட்டுப்பாட்டு முறையையும்கூட டிஎன்எஸ் வழியாகக் கட்டாயமாக்கலாம். நூலகத்துக்கும் டிஎன்எஸ்தான், ஆனால் அது சொல்லாததை நாம் சொல்ல வேண்டும்: எதைத் தடுக்கிறோம், யார் முடிவு, யாரிடம் கேட்பது என்று தமிழில் அச்சடித்துக் கணினிப் பக்கத்தில் ஒட்டலாம். நூலகக் கணினிகளில் ஃபில்டர் கேட்கும் அமெரிக்காவின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்று 2003-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னபோது, பெரியவர் கேட்டால் தடையை நீக்கலாம் என்பதும் கணக்கில் வந்தது. ஆனால் நம்மூரில் வரிசையில் நின்றுகொண்டு நூலகரிடம் யார் கேட்பார்கள்? ஒரு கணினியில் மால்வேரை மட்டும் தடுக்கும் 1.1.1.2-ஐப் போட்டு, பெரியவர்களுக்கு என்று எழுதி, சிறுவர் பகுதியிலிருந்து தள்ளி வைத்தால் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.