வீட்டிலிருந்து அலுவலகக் கோப்புறை: பிரிக்ஃபீல்ட்ஸ் கணினிக் கடை ஒன்றின் சேவை

கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள என் வீட்டு மடிக்கணினி, விபிஎன் என்ற பாதுகாப்பான இணையவழி இணைப்பு மூலம் அலுவலகத்துடன் இணைந்த பிறகும் பொதுக் கோப்புறையைத் திறக்க மறுத்தது. வலையமைப்புப் பாதையைக் காணவில்லை என்ற செய்தி மட்டுமே வந்தது. முதலில் அணுகிய இடத்தில், கோப்புகளைப் பகிரப் பயன்படும் பழைய எஸ்எம்பி 1 நெறிமுறையை இயக்கி, அலுவலக ரூட்டரில் கோப்புப் பகிர்வுக்கான வாயிலான 445ஆம் போர்ட்டை இணையத்திற்குத் திறந்துவிடலாம் என்றார்கள். துன் சம்பந்தன் சாலையை ஒட்டி, மாடியில் இயங்கும் இந்தச் சிறிய கடையின் தொழில்நுட்பர் அவ்விரண்டையும் உறுதியாக மறுத்தார். 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் பரவியது எஸ்எம்பி 1இல் இருந்த ஓட்டை வழியாகத்தான் என்பதால், வாடிக்கையாளரின் அவசரத்திற்கு இணங்காத அந்த மறுப்பையே இக்கடையின் முதல் தகுதியாகக் கருதுகிறேன்.

வீட்டிற்கு வந்தவர் எந்த அமைப்பையும் உடனே மாற்றவில்லை. இதே மடிக்கணினியில் அலுவலகத்தில் இருக்கும்போது கோப்புறை திறக்கிறதா என்று கேட்டார். திறக்கிறது என்றதும், கடவுச்சொல்லும் அனுமதியும் சரியாகவே உள்ளன என்று ஒதுக்கிவிட்டு, வீட்டு வைஃபையைத் துண்டித்துக் கைப்பேசி ஹாட்ஸ்பாட் மூலம் விபிஎன்னை இணைத்துப் பார்த்தார். கோப்புறை உடனே திறந்தது. வீட்டு ரூட்டரும் அலுவலக ரூட்டரும் 192.168.1 என்று தொடங்கும் ஒரே முகவரி எண் வரிசையைப் பயன்படுத்தியதால், கோப்புறை இருக்கும் அலுவலகச் சர்வரைத் தேடிய மடிக்கணினி அது வீட்டிற்குள்ளேயே இருப்பதாகக் கருதி, கோரிக்கையை விபிஎன்னுக்குள் அனுப்பவே இல்லை. பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் ஒரே கதவு எண் இருந்தால் கடிதம் என்னவாகுமோ, அதுதான் நடந்தது. வீட்டு வரிசையை 192.168.50 என மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. வீட்டு அச்சுப்பொறியை மட்டும் மீண்டும் இணைக்க வேண்டியிருந்தது.

சர்வரின் பெயரைக் கொண்டு தேடும் உள்வலை அறிவிப்பு விபிஎன்னைக் கடப்பதில்லை என்பதால், கோப்புறையைச் சர்வரின் எண் வடிவ ஐபி முகவரியைக் கொண்டே இணைத்துத் தந்தார். அந்த முகவரி மாறாதிருக்க, அதை ரூட்டரிலேயே ஒதுக்கி வைக்குமாறு அலுவலகத்தில் சொல்லச் சொன்னதும் நல்ல முன்யோசனை.

கட்டணம் 150 வெள்ளி (ரிங்கிட்). வீட்டிற்கே வந்ததற்கு இது நியாயமானது. செய்த மாற்றங்களை எழுத்தில் தராததுதான் குறை. கேட்ட பிறகே வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். இச்சேவையை நாடுவோர் அலுவலக ரூட்டரின் எண் வரிசையை முன்பே விசாரித்து வைத்திருந்தால் வேலை இன்னும் விரைவாக முடியும்.