ஃபுல் டேங்க் போட்டதும் காருக்குள் பெட்ரோல் வாடை: பழைய ஹேட்ச்பேக்கில் எந்த ரிப்பேர் நிலைக்கிறது?

பத்து வருஷம் தாண்டிய பெட்ரோல் ஹேட்ச்பேக்குகளில் அடிக்கடி வரும் தொல்லை இது. பங்க்கில் டேங்கை நிரப்பிவிட்டு வந்தால் ஓரிரு நாள் பின்சீட்டில் உட்கார முடியாது. டேங்க் பாதிக்கு இறங்கியதும் வாடை தானாகப் போய்விடும். போய்விடுவதால்தான் பலரும் அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் நாறுகிறது என்றால், கசிவு பெரும்பாலும் டேங்கின் மேல்பகுதியில்தான் இருக்கும். டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்ப்பின் மூடி, நிரப்பும் குழாய் டேங்கில் சேரும் இடம், ஆவி போகும் சின்ன ஹோஸ்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அடியில் ஓட்டை என்றால் கால் டேங்கிலும் நாறும். இன்ஜின் பக்கம் கசிந்தால் டேங்க் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் ஏசி காற்றோடு முன்சீட்டுக்கு வரும். எதையும் கழற்றுவதற்கு முன் இதைக் கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் நிரப்பும் பழக்கத்தை மாற்றுங்கள். இதற்குச் செலவே இல்லை. நாசில் நுனியில் ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் அதை மூடியதும் ஆட்டோ கட் ஆகும். அதோடு நிறுத்த வேண்டும். "ரவுண்டா போட்டுடவா சார்?" என்று கேட்டுக்கொண்டே இன்னும் இரண்டு மூன்று முறை அமுக்குவார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டேங்கின் மேலே விட்டிருக்கும் காலியிடம் பெட்ரோல் விரிவதற்காக. நிலத்தடித் தொட்டியிலிருந்து வந்த 40 லிட்டர் பெட்ரோல், வெயிலில் நிற்கும் காரில் 15 டிகிரி கூடுதலாகச் சூடானால் ஏறத்தாழ அரை லிட்டருக்கு மேல் விரியும். இடம் இல்லையென்றால் அது ஆவிக்குழாய் வழியாகத் திரவமாகவே கரி கேனிஸ்டர் என்ற டப்பாவுக்குள் போகும்.

கேனிஸ்டருக்குள் இருக்கும் கரி, ஆவியைப் பிடித்து வைப்பதற்கானது. திரவ பெட்ரோலில் ஊறிவிட்டால் அதற்குப் பிடிப்புத் திறன் இருக்காது, காற்று வழியில் வாடையை வெளியே விடும். லேசாக நனைந்தது சில நாள் ஓட்டத்தில் காய்ந்துவிடும். கையில் எடுத்தால் கனமாகவும், ஆட்டினால் சலசலவென்றும் இருந்தால் மாற்றத்தான் வேண்டும். கழுவிக் காயவைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு, நம்பாதீர்கள். நிரப்பியவுடன் வண்டி ஸ்டார்ட் ஆக முரண்டு பிடித்தால், கேனிஸ்டரில் சேர்ந்த ஆவியை இன்ஜினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வையும் பாருங்கள். இன்ஜினை அணைத்து, வால்வைக் கழற்றி, சுத்தமான ரப்பர் டியூப் மாட்டி ஊதிப் பாருங்கள். கரண்ட் இல்லாதபோது காற்று போகக் கூடாது. போனால் வால்வு திறந்தே சிக்கிக்கொண்டிருக்கிறது. வாயால் உறிஞ்சிப் பார்க்கவே கூடாது. ஸ்கேனரில் பி0496 கோடு (ஆவி இன்ஜினுக்கு அளவுக்கு மீறிப் போகிறது என்ற குறி) வந்தாலும் சந்தேகம் இங்கேதான். ஆனால் எல்லாக் கார்களிலும் ஆவிக் கசிவைச் சோதிக்கும் வசதி இல்லை, கோடு வரவில்லை என்பதை வைத்து நிம்மதியாகிவிட முடியாது.

பெட்ரோல் ஊற்றும் வாயில் இருக்கும் டேங்க் மூடியில் முதலில் பார்க்க வேண்டியது அதன் ரப்பர் வளையம். நகத்தால் அமுக்கினால் திரும்பி எழ வேண்டும். தட்டையாகி வெடித்திருந்தால் கம்பெனி மூடியே வாங்குங்கள். பூட்டுச் சாவியோடு வரும் மலிவு மூடிகளின் ரப்பர் சீக்கிரமே இறுகிப்போகிறது.

அதிகம் தவறு நடக்கும் இடம் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும் பம்ப் மூடி. பம்ப் மாற்றிய பிறகோ டேங்க் கிளீன் பண்ணிய பிறகோ வாடை ஆரம்பித்தது என்றால் நேராக இங்கே வாருங்கள். மூடிக்கு அடியில் பெட்ரோலில் ஊறிய பழைய ரப்பர் வளையம் வெளியே எடுத்ததும் சற்று உப்பியிருக்கும். பள்ளத்தில் முழுதாக உட்காராது, ஒரு பக்கம் பிதுங்கும். அவசரத்தில் அதையே திருகி மூடிவிடுவார்கள். சீட்டைத் தூக்கி மேல்தகட்டை எடுத்துப் பார்த்தால், மூடியைச் சுற்றிய தூசி எல்லா இடத்திலும் வெளிறியிருக்க, கசியும் பக்கம் மட்டும் பிறை வடிவில் கறுத்து ஈரமாக ஒட்டியிருக்கும்.

இதைச் செய்யும்போது டேங்க் கால் அளவுக்குக் கீழே இருக்கட்டும். வண்டி திறந்தவெளியில் நிற்க வேண்டும், நான்கு கதவும் திறந்திருக்க வேண்டும். பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் லைனில் இருக்கும் அழுத்தம் இறங்கும். இன்ஜின் ஆறிய பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சுற்றிலும் உள்ள மண்ணை முதலில் துடைத்தெடுங்கள், இல்லையென்றால் டேங்குக்குள் விழும். பூட்டு வளையத்தை இரும்புச் சுத்தியலால் தட்டாமல் மரக்கட்டை வைத்துத் தட்டுங்கள். ரப்பர் வளையம் புதிதாகவே இருக்க வேண்டும். மூடியில் இருக்கும் குறியும் டேங்கில் இருக்கும் குறியும் நேராக வர வேண்டும். பழைய வளையத்தின்மேல் சிலிக்கான் பேஸ்ட் தடவி மூடுவது ஒர்க்‌ஷாப்களில் சகஜம். சாதாரண சிலிக்கான் பெட்ரோலில் உப்பி உரிந்து வந்துவிடும், உரிந்த துணுக்கு பம்ப் ஃபில்டரில் போய் அடைக்கும். மேல்தகட்டையும் ஒயர் போகும் ரப்பரையும் விட்டுவிடாமல் திரும்பப் பொருத்தச் சொல்லுங்கள். உள்ளே ஆவி நுழையாமல் தடுப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு.

ஹோஸ்களைப் பொறுத்தவரை நம் ஊரில் முதல் எதிரி எலி. வண்டி சில நாள் ஓடாமல் நின்றாலே ஆவி ஹோஸைக் கடித்துவிடும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். 2023 ஏப்ரலுக்கு முந்தைய பல கார்களின் ரப்பர் இந்த அளவு எத்தனாலுக்கென்று செய்யப்பட்டதல்ல. வளைத்துப் பார்க்கும்போது மயிர்க்கோடாக வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள். இன்ஜெக்‌ஷன் லைனுக்கு ஜே30 ஆர்9 (J30R9, எரிபொருள் ஹோஸுக்கான தரக்குறி) என்று அச்சிட்ட ஹோஸ் கேளுங்கள். தண்ணீர் டியூப் போட்டு ஒப்பேற்றினால் கொஞ்ச நாளில் இறுகி வெடிக்கும். மெட்டல் நிரப்புக்குழாய் உள்ள வண்டிகளில் பின்சக்கரத்தின் மேல் சேறு படும் இடத்தையும் பாருங்கள். கடலோர ஊர்களில் அங்கே துருவேறி ஊசித்துளை விழும்.

சீட்டிலோ டிக்கியிலோ பெட்ரோல் சிந்தியிருந்தால் பழைய துணியால் ஒற்றியெடுத்து, கார்ப்பெட்டைக் கழற்றி வெளியே காயவையுங்கள். முழுதாகக் காய்ந்த பிறகு சமையல் சோடாவைத் தாராளமாகத் தூவி ஓர் இரவு விட்டுவிட்டுப் பெருக்குங்கள். ஈரம் இருக்கும்போது வேக்குவம் கிளீனர் வைத்தால் மோட்டாரின் பொறியில் ஆவி பற்றிக்கொள்ளும். பெர்ஃப்யூம் ஜாடி வைப்பது கசிவை மறைக்கும் வேலை, ஆகவே ஆபத்து. தரையில் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்தால் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம், டோ பண்ணித்தான் எடுத்துப்போக வேண்டும்.

ரிப்பேர் முடிந்ததும் கால் டேங்கோடு வண்டியை வாங்கி வராதீர்கள், மேல்பகுதிக் கசிவு இருந்தாலும் அந்த அளவில் நாறாது. முதல் ஆட்டோ கட் வரை நிரப்பி, கண்ணாடிகளை ஏற்றி, வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். பிறகு பின்கதவைத் திறந்து சீட்டின் அடியில் முகர்ந்து பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.